முப்பந்தல் காற்றில் வந்த சண்டை

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எனக்கு வயது 42, கணவருக்கு 47. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கல்யாணமான நாள் முதல் ஆண்டுக்கு இரண்டு மாத விடுப்பில் வந்துபோனவர், இப்போதுதான் நிரந்தரமாக வீட்டில் இருக்கிறார். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மகன் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். வரும் ஜனவரியில் இருவரும் சைக்கிளிலேயே கோவா வரை போகலாம் என்று திட்டமிட்டோம். அந்த ஆசை முதலில் வந்தது எனக்குத்தான்.

ஒத்திகையாக ஜூலையில் மூன்று நாள் போனோம். நான் ஓட்டியது மகன் விட்டுப்போன கியர் சைக்கிள். முதல் நாள் குலசேகரம், திற்பரப்பு வழியாகப் பேச்சிப்பாறை. இரண்டாம் நாள் தடிக்காரன்கோணம், பூதப்பாண்டி, ஆரல்வாய்மொழி வழியாக வள்ளியூரில் என் சித்தி வீடு. மூன்றாம் நாள் விடியற்காலையில் ஒரு கட்டன்காப்பி மட்டும் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். காவல்கிணறு தாண்டியதும் காற்று ஆளையே தள்ளியது. அவர் அரைக் கிலோமீட்டர் முன்னால் போய் நின்றுகொண்டிருப்பார். நான் போய்ச் சேர்ந்ததும் கிளம்பிவிடுவார். எனக்கு வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயிருந்தன. முப்பந்தலில் வைத்து, ‘நீ இல்லாவிட்டால் நான் இந்நேரம் வீடு சேர்ந்திருப்பேன்’ என்றார். நான் ஒரு மினி லாரியை நிறுத்தி, சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். நான்கு நாள் பேச்சில்லை. இப்போது பேசுகிறோம், ஆனால் கோவாவைப் பற்றி இருவருமே வாய் திறப்பதில்லை. மூன்று நாளே இப்படி என்றால் மூன்று நான்கு வாரம் எப்படி? எங்கள் இருவருக்கும் இது சரிவராதா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

கோவாவைக் கைவிட வேண்டாம். உங்கள் இருவருக்கும் சரிவருமா என்ற கேள்விக்கு அந்த மூன்றாம் நாளை வைத்துத் தீர்ப்பு எழுதவும் வேண்டாம். நான் இயன்முறை மருத்துவர். நாகர்கோவிலில் என்னிடம் கழுத்துவலி, முழங்கால்வலி என்று வருபவர்களில் சைக்கிள் ஓட்டுபவர்கள் நிறைய உண்டு. நானும் என் கணவரும் விடுமுறை கிடைத்தால் சைக்கிளில்தான் வெளியூர் போகிறோம். இந்தக் கடிதம் குடும்பநல ஆலோசகருக்குப் போகாமல் எனக்கு வந்ததில் மகிழ்ச்சி. நீங்கள் எழுதியதில் முக்கால் பங்கு உடம்பு சம்பந்தப்பட்டது. அதைச் சரிசெய்யாமல் மனத்தை அலசினால் இல்லாத நோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருப்போம்.

முதலில் காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நம் மாவட்டத்தின் மேல் மேற்கிலிருந்து வீசுகிறது. மலைத்தொடர் முடியும் இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு குறுகிய வழி. அந்த வழியில் நெருக்கிக்கொண்டு நுழைவதால் காற்றின் வேகம் கூடிவிடுகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். இரண்டாம் நாள் நீங்கள் பூதப்பாண்டியிலிருந்து கிழக்கே போனபோது அதே காற்று உங்கள் முதுகைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அன்று இருவரும் களைப்பில்லாமல் சிரித்துக்கொண்டே சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அந்தச் சுகத்தை இருவரும் உங்கள் பலம் என்று கணக்குப் போட்டுக்கொண்டீர்கள். மறுநாள் அதே பாதையில் முகத்தைத் திருப்பியதும் கணக்கு தலைகீழானது.

எவ்வளவு தலைகீழ் என்று பாருங்கள். காற்றில்லாத நாளில் நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உங்கள் மார்பில் மோதும் காற்றின் வேகமும் 15. எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் அது 45 ஆகிவிடுகிறது. அதாவது மூன்று மடங்கு. ஆனால் காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே உங்களை அழுத்தும் விசை 9 மடங்கு. அந்த இடத்தில் வேகம் குறைந்ததற்கு நீங்கள் வெட்கப்பட எதுவுமில்லை. அந்த மாதத்தில் அந்தச் சாலையில் அந்தத் திசையில் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்கவே மாட்டேன்.

இன்னொன்று. எதிர்காற்றில் முன்னால் போகிறவரின் சக்கரத்துக்கு நெருக்கமாகப் பின்னால் போகிறவருக்கு உழைப்பு நன்றாகவே குறையும். வேகத்தையும் இடைவெளியையும் பொறுத்துக் கால்பங்கு வரைகூட மிச்சமாகும். பந்தய வீரர்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு போவது இதற்காகத்தான். உங்கள் கணவர் அரைக் கிலோமீட்டர் முன்னால் போனார். அவ்வளவு அகலமான முதுகு அன்று உங்களுக்கு ஒரு சல்லிக்காசு பயன் தரவில்லை.

இனி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். ‘நான் போய்ச் சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்.’ சைக்கிளில் சேர்ந்து போகும் தம்பதிகளுக்குள் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். வேகமாகப் போகிறவர் நின்று காத்திருக்கிறார். அந்த நேரத்தில் அவர் தண்ணீர் குடிக்கிறார், காலை நீட்டுகிறார், மூச்சு சீராகிறது. மெதுவாக வருகிறவர் இரைக்க இரைக்க வந்து சேர்கிறார். உடனே, ‘சரி, போகலாமா?’ காத்திருந்தவருக்குத் தான் பொறுமையாக இருந்ததாக நினைப்பு. வந்து சேர்ந்தவருக்கு அன்று முழுவதும் ஓய்வே கிடையாது. பலம் குறைந்தவருக்கு ஓய்வில்லை, பலம் கூடியவருக்கு மணிக்கு நான்கு ஓய்வு. மாலைக்குள் இருவருக்கும் இடையிலுள்ள தூரம் இன்னும் கூடத்தானே செய்யும்?

ஆகவே இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருபவர் வந்து சேர்ந்த பிறகுதான் ஓய்வு ஆரம்பிக்கிறது. அவர் சைக்கிளைச் சாய்த்து வைத்து, ஏதாவது தின்று, ‘போகலாம்’ என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் இருவரும் கிளம்ப வேண்டும். சமவெளியில் நீங்கள் முன்னால் போங்கள், அவர் பின்னால் வரட்டும். வேகத்தை நீங்கள் வைக்கும்போது அவர் காத்திருக்கவும் வேண்டாம், நீங்கள் துரத்தவும் வேண்டாம். எதிர்காற்றில் மட்டும் அவர் முன்னால் போய், ஒரு சக்கர நீளத்துக்குப் பின்னால் உங்களை வைத்துக்கொள்ளட்டும். அவருடைய பின்சக்கரமும் உங்கள் முன்சக்கரமும் பக்கவாட்டில் ஒன்றையொன்று தாண்டி நிற்கக் கூடாது. தொட்டால் விழுவது பின்னால் இருப்பவர்தான். பள்ளம் வந்தால் அவர் குரல் கொடுக்க வேண்டும். இதை லாரிகள் ஓடாத சாலையில் சில காலைகள் பழகிக்கொள்ளுங்கள். ராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரைச் சாலை அதற்கு நன்றாக இருக்கும்.

மூட்டையையும் பங்கு பிரியுங்கள். சமமாகப் பிரிப்பது நியாயம் போலத் தோன்றும். சைக்கிளில் அது அநியாயம். இருவர் சாமானும் சேர்ந்து 15 கிலோ வந்தால் 11 அல்லது 12 கிலோ அவர் சைக்கிளில் ஏறட்டும். உங்கள் பையில் மாற்றுடை, மருந்து, தின்பண்டம் போதும். இருவர் வேகத்தையும் நெருக்கிக் கொண்டுவர இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டு இருக்கை சைக்கிள் ஒன்று வாங்கினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். வேக வித்தியாசம் தீரும் என்பது உண்மைதான்; ஆனால் வழியில் முடியாமல் போனால் அதை ரயிலில் ஏற்றுவது பெரும்பாடு. உங்களுக்கு அது வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஒரு கட்டன்காப்பியோடு கிளம்பியதாக எழுதியிருக்கிறீர்கள். கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி இரவுத் தூக்கத்திலேயே செலவாகிவிடும். அதன்மேல் வெறும் வயிற்றில் இரண்டு மணி நேரம் எதிர்காற்றில் மிதித்தால் தசைக்கும் தட்டுப்பாடு, மூளைக்கும் தட்டுப்பாடு. கால் தளர்வதற்கு முன்பே பொறுமை தளர்ந்துவிடும். எதிரில் இருப்பவர் சொல்லும் சாதாரணச் சொல்லும் சுடும். நம் வாயிலிருந்தும் சுடுசொல்தான் வரும். முப்பந்தலில் உங்கள் இருவர் வயிற்றிலும் ஒன்றுமில்லை என்பதை மறந்துவிட்டு அந்தச் சண்டையை எடைபோடக் கூடாது.

கிளம்புவதற்கு முன்னால் கொஞ்சமாவது சாப்பிட்டாக வேண்டும். புட்டும் பயறும் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. பிறகு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இதற்கு வெளிநாட்டுப் பொட்டலம் எதுவும் வாங்க வேண்டாம். நம் ஊர்ச் சிறு வாழைப்பழமான மட்டிப்பழம் மூன்று நான்கு தின்றால் ஒரு மணி நேரத்துக்கு ஆயிற்று. கைக்கு அடக்கம், வயிற்றையும் கெடுக்காது. கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், ஒரு துண்டு கருப்பட்டி ஆகியவை ஹேண்டில்பார் பையில் எப்போதும் இருக்கட்டும். மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் மத்தியானத்துக்கு. சாப்பிட்டுவிட்டு உடனே ஏறாதீர்கள். பசி வந்த பிறகு சாப்பிடலாம் என்று இருந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். யாராவது ஒருவர் காரணமில்லாமல் சிடுசிடுத்தால் மற்றவர் பதில் சொல்லாமல் ஒரு பழத்தை எடுத்து நீட்டட்டும். பத்து நிமிடம் கழித்துப் பேசிக்கொள்ளலாம். நாங்கள் இருவரும் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறோம்.

தண்ணீர் விஷயத்தில் பெண்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வழியில் கழிப்பறை கிடைக்காது என்று பயந்து நாம் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறோம். ஆண்களுக்கு இது தோன்றக்கூடத் தோன்றாது. விளைவு தலைவலி, களைப்பு, இரண்டு மூன்று நாளில் நீர்க்கடுப்பு. அப்புறம் சீட்டில் உட்காரவே முடியாது. வெயிலில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை குடிக்க வேண்டும். வியர்வை அதிகமான நாளில் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் தவறு. உப்பும் சேர வேண்டும். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் குறிப்பிட்ட அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அல்லது உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். அடர்ந்துவிட்டால் இன்னும் குடிக்க வேண்டும்.

அப்படியானால் கழிப்பறை? நாளின் பாதையைத் திட்டமிடும்போதே எங்கே நிற்பது என்பதையும் கழிப்பறையை வைத்தே முடிவு செய்யுங்கள். பெட்ரோல் பங்குகள், ரயில் நிலையங்கள், கொஞ்சம் பெரிய ஹோட்டல்கள். தயங்காமல் கேளுங்கள். 20 கிலோமீட்டருக்கு ஓர் இடம் என்று முதல் நாள் இரவே குறித்து வைத்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும். இந்தக் குறிப்பை எடுக்கும் வேலையை உங்கள் கணவரிடம் கொடுங்கள். அவரே தேடிக் குறித்தால்தான் அது எவ்வளவு பெரிய கவலை என்பது அவருக்குப் புரியும். மாதவிடாய் நாட்கள் பயணத்தின் நடுவில் வரும் என்றால் அதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த நாட்களில் ஒரு நாளை முழு ஓய்வாக வைத்து, மற்ற நாட்களில் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உட்காரும் இடத்துப் புண்ணைப் பற்றி என்னிடம் வருகிறவர்கள் கடைசியில், கதவருகே போன பிறகுதான் சொல்வார்கள். நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெத்தை வைத்த சைக்கிள் அரைக்கால் சட்டை ஆளுக்கு மூன்று வாங்குங்கள். அதை உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும். உள்ளாடையின் தையல்தான் தோலை அறுக்கிறது. மேலே உங்களுக்குப் பழக்கமான தளர்ந்த பேண்ட் போட்டுக்கொள்ளலாம். கிளம்பும்போது தொடை இடுக்கில் வாசலைன் தடவிக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை அதைக் கழற்றித் துவைத்துவிட்டுக் குளிப்பது. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் துணி ஓரிரவில் காயாது. துவைத்ததை ஓர் உலர்ந்த துவர்த்தில் (துண்டில்) வைத்துச் சுருட்டி, இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். ஈரத்தில் பெரும்பகுதி துவர்த்துக்குப் போய்விடும்; பிறகு மின்விசிறிக்குக் கீழே போட்டால் காலையில் அணியலாம். ஈரத்தோடு அணிந்தால் இரண்டே நாளில் புண் வரும்.

இப்போது உங்கள் கை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு அடிக்கடி வரும் தொந்தரவு. அந்த இரண்டு விரல்களுக்கும் உணர்வு கொண்டுபோகும் அல்நார் நரம்பு, உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்து மேட்டின் வழியாகப் போகிறது. ஹேண்டில்பாரில் உடம்பின் கனத்தை அந்த மேட்டின்மேல் போட்டு மணிக்கணக்கில் அழுத்தினால் நரம்பு நசுங்கி மரத்துப்போகும். ஏன் அவ்வளவு கனம் அங்கே விழுந்தது? மகனின் சைக்கிள் என்று எழுதியிருக்கிறீர்கள். மகன் உங்களைவிட உயரமாகத்தான் இருப்பான். அவன் உயரத்துக்கு வாங்கிய ஃபிரேமில் நீங்கள் உட்கார்ந்தால் ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருக்கும்; முன்னால் சாய்ந்து கைகளை ஊன்றியே ஓட்ட வேண்டியிருக்கும். கைக்கு வந்த வலிக்குக் காரணம் சைக்கிளின் அளவு.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். சைக்கிளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி ஏறி உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் சரியாக நேராக வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. அப்படியானால் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்று மடங்கியிருக்கும். அதுதான் சரியான சீட் உயரம். சீட் மிகத் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், மிக உயர்ந்திருந்தால் பின்பக்கம். அடுத்து, சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், கைகள்தான் தாங்க வேண்டும். மட்டமாக வையுங்கள். பிறகு ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், தோள் காதுப் பக்கம் ஏறியிருக்கக் கூடாது. இதெல்லாம் செய்தும் கை விறைத்து நீண்டிருந்தால் அந்தச் சைக்கிள் உங்களுக்குப் பெரியது. ஹேண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம் என்ற துண்டைக் கடையில் நீளம் குறைந்ததாக மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் சரிவராவிட்டால் உங்கள் உயரத்துக்கான சிறிய ஃபிரேமில் ஒரு சைக்கிள் வாங்குங்கள். கூடாரம், விலையுயர்ந்த பைகள் எல்லாவற்றையும் விட இந்தச் செலவுதான் முக்கியம். தையல் வேலை செய்கிறீர்கள். அளவெடுக்காமல் தைத்த ஜாக்கெட்டை யாராவது நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு இருக்க முடியுமா?

மெத்தை வைத்த கையுறை அணியுங்கள். கால் மணிக்கு ஒருமுறை கை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். தையலிலும் அந்தக் கைக்கு வேலை அதிகம் என்பதால் இதை அலட்சியப்படுத்த வேண்டாம்.

இனி நான் உடம்பின் கணக்கில் எழுத முடியாத ஒன்று. ‘நீ இல்லாவிட்டால் நான் இந்நேரம் வீடு சேர்ந்திருப்பேன்.’ பசியும் காற்றும் அந்தச் சொல்லை வேகமாக வெளியே கொண்டுவந்திருக்கலாம். ஆனாலும் அது உங்களை நோகடித்த சொல்தான். அதை அவர் வாயால் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். நான்கு நாள் கழித்துச் சாதாரணமாகப் பேசத் தொடங்கிவிட்டதால் அது ஆறிவிடாது. இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்கு நான் சொல்வது இதுதான்: சகோதரரே, தனியாகப் போயிருந்தால் நீங்கள் சீக்கிரம் வீடு சேர்ந்திருப்பீர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் கிளம்பியது சீக்கிரம் சேர்வதற்காக அல்ல. இத்தனை ஆண்டுகள் ஆண்டுக்குப் பத்து மாதம் தனியாக இருந்தவர், உங்களோடு சேர்ந்து ஒரு வழி போக வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறார். அவருடைய வேகம்தான் இந்தப் பயணத்தின் வேகம்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், தங்கையே. இத்தனை ஆண்டுகள் மகனையும் வீட்டையும் வரவுசெலவையும் தனியாக நடத்தியவர் நீங்கள். அவர் உத்தரவு கொடுத்தும் வாங்கியும் வாழ்ந்தவர். இருவருக்குமே தன்னந்தனியாக முடிவெடுத்துப் பழக்கம். கலந்துபேசி முடிவெடுத்துப் பழக்கமில்லை. வீட்டில் ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு அறை என்று இந்த இரண்டு ஆண்டுகளை ஓட்டியிருக்கலாம். சாலையில் அதற்கு இடமில்லை. எந்தக் கடையில் சாப்பிடுவது, எந்த விடுதியில் தங்குவது, இன்னும் பத்து கிலோமீட்டர் போகலாமா என்று நாளுக்கு இருபது முப்பது முடிவுகள். ஒவ்வொன்றுக்கும் வாதாடினால் கோழிக்கோடு தாண்ட மாட்டீர்கள்.

அதனால் நாளைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒருநாள் உங்கள் பொறுப்பு, மறுநாள் அவர் பொறுப்பு. அன்றைய பொறுப்பாளர்தான் கடையையும் விடுதியையும் நிற்கும் இடத்தையும் தீர்மானிப்பார். இட்லி கல்லாக இருந்தாலும், அறையில் கொசு மொய்த்தாலும் மற்றவர் அன்று குறை சொல்லக் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ‘இன்று எனக்குப் போதும்’ என்று இருவரில் யார் சொன்னாலும் அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது. காரணம் கேட்கக் கூடாது, மறுநாள் சொல்லிக்காட்டவும் கூடாது. திரும்பிவிடலாமா என்ற பெரிய முடிவைச் சாலையோரத்தில் நின்று எடுக்காதீர்கள். குளித்து, சாப்பிட்டு, ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகு பேசுங்கள்.

விடுதிக்குப் போனதும் முதலில் குளிப்பது பின்னால் வந்தவர். ஒருவர் துணி துவைக்கும்போது மற்றவர் சைக்கிள்களைக் கவனிக்கட்டும். கடற்கரைச் சாலையில் உப்புக்காற்று சங்கிலியை எளிதில் துருப்பிடிக்க வைக்கும். பழைய துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். இதை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள், பஞ்சர் ஒட்டுவதையும் கற்றுக்கொள்ளுங்கள். அது அவர் வேலை என்று விட்டுவிட்டால், நடுவழியில் சக்கரம் காற்றிறங்கும்போது நீங்கள் பார்வையாளராக நிற்பீர்கள். அவருக்கும் எரிச்சல், உங்களுக்கும் எரிச்சல். சாயங்காலம் ஒரு மணி நேரமாவது பிரிந்திருங்கள். அவர் ஒரு டீ குடித்து ஊரைப் பார்த்துவிட்டு வரட்டும், நீங்கள் மகனிடம் பேசுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை அன்பின் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

தம்பதியாகச் சைக்கிளில் போவது புதிதல்ல. ஃபானி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹண்டர் வொர்க்மன் என்ற அமெரிக்கத் தம்பதி 1890களின் கடைசியில் இந்தியாவின் தென்முனை தொடங்கி இமயமலை வரை சைக்கிளில் போனார்கள். கணவர் மருத்துவர், மனைவியைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அந்தக் காலத்துச் சாலையில் ஒரே நாளில் நாற்பது பஞ்சர் வரை ஒட்டிய நாட்கள் அவர்களுக்கு உண்டு. உங்களுக்கு ஊர்தோறும் பஞ்சர் கடை இருக்கிறது. டியூப் வாங்கும்போது மட்டும் மோட்டார் சைக்கிளில் இருக்கும் அதே வகை வால்வுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எந்த பெட்ரோல் பங்கிலும் காற்றடித்துக்கொள்ளலாம்.

கோவாவுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். நாளுக்கு 50 கிலோமீட்டர், நான்கு நாள் ஓட்டினால் ஒருநாள் ஓய்வு. நான்கு வாரத்தில் நிதானமாகப் போய்விடலாம். அவர் நாளுக்கு 90 என்று திட்டம் வைத்திருந்தால் அதைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். முதல் நாள் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போதும். பொங்கலும் சபரிமலை மகரவிளக்கும் முடிந்த பிறகு கிளம்புங்கள். சாலையிலும் விடுதிகளிலும் கூட்டம் குறைந்திருக்கும், வடகிழக்குப் பருவமழையும் விட்டிருக்கும். ஜனவரியில் நம் பக்கம் ஆறரை மணிக்குப் பிறகுதான் சூரியன் உதிக்கும். நன்றாக விடிந்ததும் ஏறி, பதினொரு மணிக்கு முன் அன்றைய தூரத்தின் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். பிற்பகலில் வெயிலும் ஏறும், கடற்காற்றும் எழும். கொச்சிக்குத் தெற்கிலும் வடக்கிலும் முடிந்தவரை தேசிய நெடுஞ்சாலை 66-ஐ விட்டு கடலோரச் சிறு சாலைகளில் போங்கள். ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்கு வாகனங்களை ஏற்றிச்செல்லும் ரோ-ரோ படகில் சைக்கிளோடு ஏறிக்கொள்ளலாம். கோவா வரைக்கும் ரயில்பாதை பெரும்பாலும் உங்கள் கூடவே வரும். ரயிலில் லக்கேஜ் வேனில் சைக்கிளைப் பதிவு செய்து ஏற்றலாம் என்பதால், வழியில் முடியாமல் போனாலும் பக்கத்திலுள்ள பெரிய ரயில் நிலையத்திலிருந்து திரும்பலாம்.

அதற்குமுன் ஓர் ஒத்திகை அவசியம். ஆனால் முப்பந்தல் வேண்டாம். காற்று தணிந்த ஒரு சனிக்கிழமை காலையில் தக்கலையிலிருந்து குளச்சல், மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி வழியாக முட்டம் போய், ஓர் இரவு எங்காவது தங்கிவிட்டு மறுநாள் திரும்புங்கள். தூரம் குறைவுதான், தூரம் இங்கே முக்கியமில்லை. முதல் நாள் பொறுப்பு உங்களுடையதாக இருக்கட்டும். சரியான அளவுச் சைக்கிளில், வயிற்றில் புட்டோடு, நீங்கள் முன்னால் போக அவர் பின்னால் வரட்டும்.

கை மரத்துப்போவது ஓட்டி முடித்த சில மணி நேரத்தில் சரியாகிவிட்டால் பயமில்லை. ஓட்டாமல் இரண்டு வாரம் இருந்தும் விரல் மரத்தே இருந்தாலும், ஊசியைப் பிடிக்கவோ பித்தான் போடவோ அந்த விரல்களில் பலம் குறைந்தாலும், கோவாவுக்காகக் காத்திருக்காமல் உடனே ஒரு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.